பத்தோட விலைக்கு முப்பது ஆம்பியர்

நேத்து காரை விக்க வேண்டியிருந்துச்சு. வேலை அவ்வளவுதான்.

நமக்கு சாக்கு வியாபாரம். மழை இறங்குறதுக்குள்ள ஷெட்டுல சாக்கை அடுக்கியாகணும். நனைஞ்ச சாக்கை ஒருத்தனும் தொடமாட்டான். ஆனா ஷெட்டுல பழைய கார் நிக்குது.

பார்க்க வந்த ரெண்டு பேரு ஏற்கெனவே ஓடிட்டாங்க. பின்னால பிரேக் லைட் எரியலையாம். மூணாவதா பசுவந்தனையில இருந்து ஒரு ஆட்டுக்கார அண்ணாச்சி நாலு மணிக்கு வாரேன்னு சொல்லியிருந்தாரு.

எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டேன்.

"எங்கயோ வயர் உரசுது அண்ணாச்சி. அதான் ஃபியூஸ் போகுது. தேடிப் பிடிக்கணும். நாளைக்கு வாரேன்."

"ஒரு ஃபியூஸ் மாத்த நாள் நட்சத்திரம் பார்க்கணுமால?"

வெச்சுட்டேன். கோவம் வந்தா எனக்கு எல்லாத் தொழிலும் தெரியும்.

ஸ்டீரிங்குக்குக் கீழ தலையை விட்டு ஃபியூஸைப் பிடுங்கினேன். சிவப்புக் கலர், பத்து ஆம்பியர், உள்ள கம்பி அறுந்து கிடக்கு. புதுசு போட்டு பிரேக்கை மிதிச்சேன். 'டிக்'. போச்சு. இன்னொண்ணு போட்டேன். அதுவும் 'டிக்'.

ஃபியூஸ் வித்த கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போனேன்.

"என்னய்யா பொருள் விக்குதீரு? மிதிச்ச உடனே செத்துப்போகுது."

"சாகுறதுதான் அதுக்கு வேலையே அண்ணாச்சி. வயரைக் காப்பாத்த அது சாகும்."

"சாகாத ஃபியூஸ் இல்லையா?"

"முப்பது ஆம்பியர் இருக்கு. ஆனா அது..."

"என்ன விலை?"

"எல்லாம் ஒரே விலைதான். ஆனா..."

ஒரே விலைக்கு மூணு மடங்கு ஆம்பியர். பேரம் பேசியே வளர்ந்தவன் பத்தை எடுப்பானா? முப்பதை எடுத்துக்கிட்டு, 'ஆனா'வை அவர்கிட்டயே விட்டுட்டு வந்துட்டேன்.

அதை மாட்டி முடிக்கவும், ஆட்டுக்கார அண்ணாச்சி வந்து இறங்கவும் சரியா இருந்துச்சு. நிதானமான மனுசன். அவர் ஒரு வார்த்தை சொல்லி அடுத்த வார்த்தை சொல்லுறதுக்குள்ள ஒரு ஆடு மேஞ்சுட்டு வந்துரும்.

டிக்கியைத் திறந்து பார்த்துக்கிட்டே கேட்டாரு. "பிரேக் லைட்டு எரியாதுன்னு சொல்லுதாங்களே."

"எவன் சொன்னான்? அங்கனயே நில்லுங்க. நான் மிதிக்கேன்."

மிதிச்சேன். 'டிக்' சத்தமே இல்லை. எனக்கு உச்சி குளிர்ந்துபோச்சு.

"அண்ணாச்சி, எரியுதா?"

"எரியுது."

"எப்படி எரியுது?"

"நல்லாவே எரியுது."

இன்னும் அழுத்தி மிதிச்சேன். "இப்ப?"

"இப்ப கூடுதலா எரியுது."

"வலது பக்கம் எரியுதா?"

கொஞ்சம் எட்டிப் பார்த்தாரு.

"அங்கன இன்னும் பரவல."

லைட்டு எங்கயாவது பரவுமாய்யான்னு கேக்கத்தான் இறங்கினேன். டிக்கியில மாதிரிக்குக் காட்ட வெச்சிருந்த சாக்குக்கட்டு திகுதிகுன்னு எரியுது. நான் மிதிக்க மிதிக்க, உரசின வயர் பழுத்து, சாக்கைப் பத்த வெச்சிருக்கு.

ஃபியூஸைப் பிடுங்கி எறிஞ்சேன். ரெண்டு பேரும் கரிசல் மண்ணை அள்ளிக் கொட்டி அணைச்சோம்.

"ஏன்யா, தீப்பிடிச்சிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"எரியுதான்னு கேட்டீங்க, எரியுதுன்னேன். உங்களுக்கும் சந்தோசமாத்தான் இருந்துச்சு."

கையைத் தட்டிட்டு, "சரி, விலையைச் சொல்லுங்க" அப்படின்னாரு.

பழக்க தோசத்துல பழைய விலையையே சொன்னேன். அவர் டிக்கிக்குள்ள ஒரு தடவை பார்த்தாரு. கொஞ்சம் குறைச்சேன். இன்னொரு தடவை பார்த்தாரு. இன்னும் குறைச்சேன். மூணாவது தடவை குனியப் போனாரு, நானே பாதிக்கு இறங்கிட்டேன்.

சாவியை நீட்டினேன். வாங்கல.

"எனக்கு ஓட்டத் தெரியாது அண்ணாச்சி. நீங்களே வீடு வரைக்கும் கொண்டாந்து விட்டுருங்க. வழியில பிரேக்கை மட்டும் மிதிச்சிராதீங்க."

ஷெட்டு காலியாயிருச்சு. ஆனா ஒரு பொய்கூடச் சொல்லாம பேரத்துல என்னைய ஜெயிச்ச ஆளை நேத்துதான் பார்த்தேன்.