இதய வாரமும் கீரைப் பாத்தியும்

தோட்டத் தொழிலாளரின் இதயங்கள் இன்றும் துடிக்கின்றன என்றால், அந்தப் பெருமை முழுவதும் திருவாளர் குகநேசனையே சேரும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, மலையகத்தில் வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நலன்புரி அதிகாரியாக இருந்தவர் அவர். தொண்ணூறுகளின் கடைசியில் கம்பனி 'இதய வாரம்' அறிவித்தபோது, மாரடைப்பையே மலையிறக்கி விடுவது என்று உறுதி பூண்டார்.

காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கூட்டம். கொழுந்து பறிக்கப் போக வேண்டியவர்கள் கூடையும் இடுப்பில் சுற்றிய படங்குமாகத் தூறலில் நின்றார்கள்.

"வெண்ணெய், சீஸ், பன்றி இறைச்சி, இறால் எல்லாத்தையும் இண்டைக்கே நிப்பாட்டுங்கோ! விளங்குதோ?"

"நிப்பாட்டிட்டோங்கய்யா!" என்றது கூட்டம்.

குகநேசனுக்குப் புல்லரித்தது. இத்தனை விரைவான 'நடத்தை மாற்றத்தை' எந்த நாடும் கண்டிருக்காது.

"இறாலுன்னா எப்படிங்க இருக்கும்?" என்று கேட்டார் வீரய்யா. நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து, போன மாதம்தான் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பியிருந்தார்.

"அது தெரியாமல் இருக்கிறதுதான் உமக்கு நல்லது."

வீரய்யாவின் மனைவி அம்மாக்கண்ணு விடவில்லை. "அப்ப என்னதாங்கய்யா திங்கிறது? காலையில கோதும ரொட்டி, ராவைக்கும் அதே ரொட்டி. தொட்டுக்க உப்பும் காரத்துக்குக் கொச்சிக்காயும்."

"கீரை சாப்பிடுங்கோ! மரக்கறி சாப்பிடுங்கோ! உங்கட இதயம் உங்கட கையிலதான்!"

கைதட்டல் மலையில் எதிரொலித்தது.

அம்மாக்கண்ணு அதை அப்படியே நம்பிவிட்டாள். லயத்துக்குப் பின்னால், தேயிலை பட்டுப்போய்க் கிடந்த துண்டு நிலத்தைக் கொத்திக் கீரையும் போஞ்சியும் போட்டாள். வீரய்யாவின் தட்டில் பச்சை நிறம் வந்தது. உப்பு குறைந்தது. கொஞ்ச நாளில், மேட்டில் நின்று மூச்சு வாங்காமல் லயத்துக்கு ஏறி வந்தார். 'இதய வாரம்' உண்மையாகவே ஓர் இதயத்தைத் தொட்டுவிட்டது.

அதற்குள் போஞ்சிக்கொடி தோட்டத்து மேலாளரான பெரிய தொரையின் கண்ணில் பட்டது. தேயிலை நிலத்தில் தேயிலைதான் சாகலாம், வேறொன்றும் வாழக் கூடாது. பிடுங்கச் சொல்லி உத்தரவு. தொழிலாளர் மனம் நோகாமல் பிடுங்க வேண்டும் என்பதால், பொறுப்பு நலன்புரி அதிகாரிக்கு.

குகநேசன் குடையோடு வந்து நின்றார். ஆட்கள் பிடுங்கினார்கள்.

"அய்யா, நீங்கதானே கீர சாப்பிடச் சொன்னீங்க?" என்று கேட்டாள் அம்மாக்கண்ணு.

"சாப்பிடத்தான் சொன்னனான், பிள்ளை. நடச் சொல்லேல்லையே!"

எவ்வளவு நுட்பமான வேறுபாடு! ஆனாலும் அவர் நெஞ்சுக்குள் ஏதோ சுருக்கென்றது. தொரை பங்களாவில் தின்ற மட்டன் ரோல்ஸ்தான் என்று முடிவு செய்து, சோடா குடித்தார். போய்விட்டது.

லயத்தில் மறுபடி ரொட்டி, உப்பு, கொச்சிக்காய். மழைக்காலம் முடியுமுன்னே, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் மலையில் கத்தியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்த வீரய்யா எழும்பவில்லை.

இழவு வீட்டுக்குக் குகநேசன் வந்தார். கண்ணீர் நிஜமானது, அதில் குறை சொல்ல முடியாது.

"எவ்வளவு சொன்னனான், சாப்பாட்டிலை கவனமா இருங்கோ எண்டு," என்று கைக்குட்டையை எடுத்தார். "என்ர பேச்சை ஆர் கேட்டது?"

தலைமாட்டில் இருந்த அம்மாக்கண்ணு நிமிர்ந்தாள்.

"நாங்க எல்லாரும் கேட்டோங்கய்யா," என்றாள். "நீங்க ஒருத்தர்தான் கேக்கல."