மசோதாவுக்கு டார்ச் அடித்தவன்

ஹட்சன்வில், மிச்சிகன்
மார்ச், வியாழக்கிழமை

பெருமதிப்பிற்குரிய அத்தான் டுவேன் அவர்களுக்கு,

மைத்துனன் ஹார்லன் வியரெங்கா மரியாதையுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் வில்மாவும் நாயும் நலம். பனி மட்டும் போக மனமில்லாமல் வாசலிலேயே கிடக்கிறது. குளிருக்கு ஒதுங்கி அவ்விடம் ஃப்ளோரிடாவில் தாங்களும் லோயிஸ் அக்காவும் அரைக்கால் சட்டையுடன் சௌக்கியமாக இருப்பதைப் படத்தில் கண்டு மகிழ்ந்தோம். தங்கள் முழங்காலைப் பற்றி வில்மா சொன்னதை மரியாதை கருதி இங்கே எழுதவில்லை.

நிற்க. தலைநகர் லான்சிங்கில் செவ்வாய்க்கிழமை நடந்ததை, உங்களோடு வீடு விற்கும் கூட்டாளிகள் யாராவது இதற்குள் போன் போட்டுச் சொல்லியிருப்பார்கள். "உன் மச்சினன் தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டான்யா" என்று சிரித்திருப்பார்கள். நடந்தது என்னமோ அதுதான். ஆனா எப்படி நடந்துச்சுன்னு என் வாயால கேட்டாத்தான் உங்களுக்கே புரியும், அதனாலதான் இந்தக் கடிதம்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். போன நன்றித் திருநாள் விருந்துல வான்கோழி வெட்டற கத்தியைக் கையில வச்சிக்கிட்டு நீங்க என்ன சொன்னீங்க? "இந்த மேஜையில அரசாங்கம் நம்பாத ஆளு ஒருத்தன்தான் இருக்கான், பாவம், அவன் பக்கம் கிரேவியைத் தள்ளுங்க." எல்லாரும் சிரிச்சாங்க, வில்மாவும் சிரிச்சா, நானும் சிரிச்சு வச்சேன். ஆனா வலிச்சுது அத்தான். எங்கப்பா பிளம்பர், அவருக்கு லைசென்ஸ் இருந்துச்சு. அக்கா முடி வெட்டறா, அவளுக்கு இருக்கு. நீங்க வீடு விக்கறீங்க, உங்களுக்கும் இருக்கு. நம்ம மாநிலத்துல ஒருத்தர் தலைமுடியில கை வைக்கணும்னா பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கணும், அந்தத் தலைமேல கூரை விழுமா விழாதான்னு வீடு வாங்கறவங்களுக்குப் பாத்துச் சொல்ற என்னை மாதிரி இன்ஸ்பெக்டருக்கு ஒரு ஏணியும் டார்ச்சும் இருந்தாப் போதும். வீட்டுக்கடியில எலியோட எலியா தவழ்ந்தே என் முட்டி தேஞ்சு போச்சு, என்கிட்ட காட்டறதுக்கு ஒரு காகிதம் கிடையாது. எனக்கு அந்த லைசென்ஸ் வேணும். சட்டம் போட்டுக் குடுக்கணும், அதை நான் கண்ணால பாக்கணும், அவ்வளவுதான் என் ஆசை.

அதுக்காகத்தான் எங்க சங்கம் வருஷக்கணக்கா அலைஞ்சு, இந்தத் தடவை ஒரு மசோதாவை செனட் கமிட்டி வரைக்கும் கொண்டு போயிடுச்சு. சாட்சி சொல்ல ஒரு ஆளு வேணும். தலைவி நாடின் என்னைத் தேர்ந்தெடுத்தா. வேற யாருகிட்டயும் கோட் இல்லன்னு வில்மா சொல்றா, அதை நம்பாதீங்க. நாடின் எனக்குக் குடுத்த உத்தரவு இதுதான்: "ஹார்லன், மூணே நிமிஷம். ஒரு இளம் ஜோடி, ஒரு கைக்குழந்தை, ஒழுகற பேஸ்மென்ட். 'தயவுசெஞ்சு நிறைவேத்துங்க'ன்னு சொல்லு, வந்து உக்காந்துரு. யோசிக்காத." வில்மா கோட் பாக்கெட்ல பெப்பர்மின்ட் போட்டுவிட்டா, சர்ச்சுல பிரசங்கத்துக்கு வாயில போட்டுக்கற அதேதான். நானும் போய் முன்வரிசையில உக்காந்தேன். உக்காந்ததும் கண்ணு தானா மேல போச்சு. தலைவர் நாற்காலிக்கு நேர் மேல கூரையில பழுப்பா ஒரு ஈரக்கறை. நாடின் என் முழங்கையில இடிச்சு, "மேல பாக்காத. இன்னிக்கு நீ வேலையில இல்ல"ன்னா. அப்புறம் நான் என் ஷூவைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.

வீடு விக்கற உங்க ஆளுங்க சார்பா பளபளன்னு ஒருத்தர் வந்து, நல்ல இன்ஸ்பெக்டர் யாருன்னு ஊருக்கே தெரியும், இதுக்கு எதுக்கு லைசென்ஸுன்னு தேனொழுகப் பேசிட்டுப் போனார். அப்புறம் என்னைக் கூப்பிட்டாங்க. நான் நல்லாவே பேசினேன் அத்தான். ஜோடியைச் சொன்னேன், குழந்தையைச் சொன்னேன், ஒரு வாரம் முன்னாடி டார்ச் வாங்கின ஒருத்தன் அவங்களுக்கு 'எல்லாம் நல்லாருக்கு'ன்னு எழுதிக் குடுத்ததைச் சொன்னேன். ஒரு அம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க, அது ஜலதோஷமாவும் இருக்கலாம். நாடின் முகத்துல சிரிப்பு வந்துருச்சு. அப்பத்தான் கமிட்டித் தலைவர், வடக்குல இருந்து வந்த செனட்டர் ஐலீன் மாக்கெலா, கண்ணாடிக்கு மேல என்னைப் பாத்து, "மிஸ்டர் வியரெங்கா, சுருக்கமா சொல்லுங்க. இந்த மசோதாவை நாங்க நிறைவேத்தலாமா, வேண்டாமா?"ன்னு கேட்டாங்க.

இங்கதான் நீங்க என் தொழிலைப் புரிஞ்சுக்கணும். ஒவ்வொரு வீடும் பாத்து முடிச்சு ஏணியை வண்டியில கட்டும்போது, வாங்க வந்தவங்க பக்கத்துல வந்து நிப்பாங்க. "நீங்களா இருந்தா வாங்குவீங்களா?" அந்த ஒரு கேள்விக்கு மட்டும் நாங்க பதில் சொல்லவே கூடாது. பாத்ததைச் சொல்லுவோம், வாங்கறதும் விடறதும் அவங்க பாடு. குழந்தையை இடுப்புல வச்சிக்கிட்டு அழுதவங்களுக்கும் நான் சொன்னதில்ல, நம்ம பாதிரியாருக்கே சொன்னதில்ல. ஜெபத்தை விட அது என் வாய்க்கு நல்லாப் பழக்கம். அதனால மூளை வந்து சேர்றதுக்குள்ள வாய் சொல்லிருச்சு: "அதை நான் சொல்லக் கூடாதும்மா. நான் பாத்ததைத்தான் சொல்லுவேன். முடிவு உங்களோடது."

அந்தம்மா கண்ணாடியைக் கழட்டினாங்க. "இது உங்க சங்கத்து மசோதாதானே?"

"ஆமாம்மா."

"நிறைவேத்துங்கன்னு கேக்கத்தானே வந்தீங்க?"

"ஆமாம்மா."

"அப்புறம் என்ன?"

"நீங்க வாங்கறவங்க. நான் பாக்கறவன்."

பளபள ஆளு வாய்விட்டே சிரிச்சார். நாடின் நெத்தியில கை வச்சிக்கிட்டா. அந்தம்மா மட்டும் சிரிக்கல. "சரி. பாத்ததைச் சொல்லுங்க"ன்னாங்க. இப்பவாவது நான் 'எல்லாம் நல்லாருக்கும்மா'ன்னு சொல்லிட்டு வந்திருக்கலாம், லைசென்ஸ் கைக்கு எட்டற தூரத்துல இருந்துச்சு. ஆனா பாத்ததைச் சொல்லுன்னு ஒருத்தர் கேட்டுட்டா நான் வேற ஆளு. கை தானா பாக்கெட்டுல டார்ச்சைத் தேடுச்சு, பெப்பர்மின்ட்தான் கிடைச்சுது. மசோதாவைப் பிரிச்சேன். கூரை நல்லாருக்கும்மா, நோக்கமெல்லாம் உறுதி. அஸ்திவாரத்துல ஒரு விரிசல் இருக்கு. இப்ப தொழில்ல இருக்கற எல்லாருக்கும் பரீட்சை இல்லாமலே லைசென்ஸ்னு ஒரு பிரிவு போட்டிருக்காங்க, அந்த வழியா அந்த ஒரு வாரத்து டார்ச்காரனும் உள்ள வருவான், நானும் அதுவழியாத்தான் வருவேன். தண்ணி வீட்டை விட்டு வெளிய ஓடணும், இங்க உள்ள ஓடுது, எங்களைக் கண்காணிக்கற குழுவுல பாதிக்கு மேல வீடு விக்கறவங்க. புகார் குடுக்கக் கதவு வச்சிருக்காங்க, யாரு விசாரிக்கணும்னு எழுதல, கைப்பிடி இல்லாத கதவு அது. இவ்வளவும் சொல்லிட்டு, கேட்டதுக்கு முழுசா பதில் சொல்லணுமேன்னு, "அப்புறம் உங்க தலைக்கு நேர் மேல ஈரம் இறங்குதும்மா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க"ன்னேன். மொத்தக் கமிட்டியும் அண்ணாந்து பாத்துச்சு. அந்தம்மா நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கிட்டாங்க.

மசோதாவைப் பழுது பாத்து எடுத்துட்டு வாங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. இந்த வருஷம் அவ்வளவுதான், அடுத்த வருஷமும் சந்தேகம். வராந்தாவுல நாடின் என்னைப் பிடிச்சு, "வீட்டுக்காரனே இப்படி ரிப்போர்ட் குடுத்தா எந்த வீடுய்யா விக்கும்?"னு கேட்டா. ஆலிவ் பர்கர் சாப்பிடக் கூட்டிட்டுப் போனேன், பாதி பர்கர்ல அவளே சொன்னா. "அந்த விரிசலை நான்தான் வச்சேன். பரீட்சைன்னு சொன்னா நம்ம சங்கத்துலயே பாதிப்பேரு ஓடிருவாங்க. குழுவுல வீடு விக்கறவங்களுக்கு இடம் குடுத்தது அவங்க வாயை அடைக்க. அப்பவும் பேச ஆள் அனுப்பிட்டாங்க பாரு." மீதி பர்கரையும் முடிச்சிட்டு, "ஆனா எல்லாமே சரியாத்தான் பாத்திருக்க"ன்னா. இதையும் உங்க கூட்டாளிங்க சொல்லியிருக்க மாட்டாங்க.

இன்னொண்ணு. நாங்க கிளம்பறதுக்கு முன்னாடி அந்தச் செனட்டரம்மா வராந்தாவுல என்னைத் தேடி வந்தாங்க. "எங்கப்பா கட்டின வீடு ஒண்ணு வடக்குல இருக்கு, வந்து பாக்கறீங்களா?"

"எனக்கு லைசென்ஸ் இல்லையேம்மா."

"அது எனக்குத் தெரியாதா? நான்தானே குடுக்கல."

அத்தான், லைசென்ஸ் போச்சேன்னு எனக்கு வருத்தம் இல்லாம இல்ல, இருக்கு. ஆனா அன்னிக்குக் காரை ஓட்டிட்டு வரும்போது நான் தனியா சிரிச்சிக்கிட்டே வந்தேன். அடுத்த விருந்துக்குக் கிரேவியை என் பக்கம் தாராளமா தள்ளுங்க. மாநிலமே எதிர்ல உக்காந்து வாங்கலாமா வேண்டாமான்னு கேட்டப்பவும் வாயைத் திறக்காதவன் உங்க மைத்துனன். சொந்தம், சிநேகம், சர்ச்சு, சர்க்கார், யாருக்காகவும் அந்தக் கேள்விக்கு நான் பதில் சொன்னது கிடையாது, இனிமேலும் சொல்றதா இல்ல. இதை உங்க கூட்டாளிங்ககிட்ட அப்படியே வாசிச்சுக் காட்டுங்க.

அக்காவுக்கு என் அன்பு. தங்கள் முழங்கால் வெயிலில் நலம் பெறவும், தாங்கள் விற்கும் வீடுகளெல்லாம் ஒழுகாமல் நிற்கவும் கர்த்தர் அருள்வாராக.

தங்கள் பணிவுள்ள மைத்துனன்,
ஹார்லன் வியரெங்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் அக்காவிடமிருந்து போனில் படங்கள் வந்தன. அங்கேயே ஒரு வீடு வாங்கப் போறீங்களாமே, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. கூடவே அந்த ஊர் இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட்டும் அனுப்பியிருக்கா. அழகான ரிப்போர்ட், அங்கெல்லாம் லைசென்ஸ் உண்டு இல்லையா, முதல் பக்கத்துலயே அவரோட லைசென்ஸ் நம்பர் கொட்டை எழுத்துல இருக்கு. படுக்கையறைப் படத்தைப் பெருசு பண்ணிப் பாருங்க. ஜன்னலுக்குக் கீழ மட்டும் புதுப் பெயின்ட். எதுக்கு அடிப்பாங்கன்னு வீடு விக்கற உங்களுக்கா தெரியாது? ரிப்போர்ட்ல அதைப் பத்தி ஒரு வரி இல்ல. அக்கா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டிருக்கா, "தம்பி, வாங்கலாமாடா?"ன்னு. அவளுக்குச் சின்ன வயசுலருந்தே நெஞ்சு சளி, ஈரச் சுவர் பக்கத்துல அவ தூங்கக் கூடாது. வாங்காதீங்க அத்தான்.