மாற்றம் எதுவும் இல்லை என்று சொல்லும் காவல்காரர் பற்றி

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு உங்கள் அத்தை மிக நலம். நானும் நலமாக இருப்பதாகத்தான் அவர் எல்லோரிடமும் சொல்லிவருகிறார். அங்கு நீங்களும் என் மகளும் நிம்மதியாக இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் நீங்கள் காவல் வைத்திருக்க மாட்டீர்கள்.

குடிநீர் வாரியத்தின் வரைபடப் பிரிவில் முப்பத்தோரு வருடம் உழைத்து ஓய்வு பெற்ற நான், ஊரின் நிலத்தடிக் குழாய்களின் வரலாற்றை எழுதி வருவதும், அதற்காக வாசல் பக்கத்து அறையை எடுத்துக்கொண்டதும், கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற உங்கள் அத்தை அதே அறையை ட்யூஷனுக்குக் கேட்பதும் நீங்கள் அறிந்ததே. போன முறை வந்தபோது சமாதானம் செய்வதாக எண்ணி, என் கோப்புகளில் மாற்றம் நடந்தால் கண்டுபிடித்து தினமும் மாலை ஆறு மணிக்கு அத்தையின் போனுக்குச் செய்தி அனுப்பும் புரோகிராம் ஒன்றை வைத்துவிட்டுப் போனீர்கள். தொடர்ந்து பத்து நாள் மாற்றம் இல்லையென்றால் அறை அவருக்கு என்று ஒப்பந்தம். உழைப்பவனுக்கு என்ன பயம் என்று நானும் தலையாட்டினேன்.

பத்து நாளும் ஐந்தாம் அத்தியாயத்தோடு தினம் நாலு மணி நேரம் மல்லுக்கட்டினேன். பத்து நாளும் சரியாக ஆறு மணிக்கு 'மாற்றம் எதுவும் இல்லை' என்று செய்தி வந்தது. "உள்ளே உட்கார்ந்து என்னதாங்க பண்றீங்க?" என்று அத்தை கேட்டார். "எழுதறேன்" என்றேன். "போன் அப்படிச் சொல்லலையே" என்றார். முப்பத்தெட்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தவனைவிட மூன்று வாரம் முன்பு வந்த புரோகிராமின் சொல்லுக்கு மதிப்பு. மகளிடம் போனில் புலம்பியபோதுதான் காரணம் தெரிந்தது. எங்கள் பிரிவில் மூலப் பிரதியில் யாரும் கைவைக்க மாட்டோம். புதுப் பிரதி எடுத்து, திருத்தவேண்டியதை அதில் திருத்தி, பழையதை அப்புறப்படுத்திவிட்டு, அதே பெயரில் புதியதை வைப்போம். கம்ப்யூட்டரிலும் அப்படியே செய்துவந்தேன். உங்கள் காவல்காரரோ கோப்பின் பெயரைப் பார்ப்பதில்லையாம். கம்ப்யூட்டர் அதற்கு உள்ளுக்குள் கொடுத்திருக்கும் எண்ணைத்தான் பார்ப்பாராம். அந்த எண் பழைய பிரதியோடு முதல் நாளே குப்பைத் தொட்டிக்குப் போய்விட்டது. அவரும் பின்னாலேயே போய், குப்பைத் தொட்டியில் கிடந்ததைப் பத்து நாள் கண் கொட்டாமல் காத்து, அதில் மாற்றம் இல்லை என்று மனசாட்சியோடு எழுதி அனுப்பியிருக்கிறார்.

நீங்கள் அங்கிருந்தே சரிசெய்தீர்கள், நன்றி. எண்ணை விட்டுவிட்டு, ஒவ்வொரு கோப்பும் கடைசியாக எழுதப்பட்ட தேதியையும் நேரத்தையும் பார்க்கச் சொன்னீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்த நேரத்தில் அத்தை பத்திரமாக இருக்கட்டும் என்று எல்லாக் கோப்புகளையும் பென் டிரைவில் எடுத்து, திரும்ப இருந்த இடத்திலேயே கொட்டியிருக்கிறார். தேதியெல்லாம் புதிதாகிவிட்டது. மாலைச் செய்தி: பதினாலு அத்தியாயங்களிலும் மாற்றம். "சலூன்ல உட்கார்ந்துக்கிட்டே பதினாலு அத்தியாயமா! அடுத்த தடவை ஷேவிங்கும் பண்ணிக்குங்க, புஸ்தகமே முடிஞ்சிடும்" என்றார். மறுநாள் நான் உண்மையிலேயே பாடுபட்டேன். குழாய்க்கு ஒன்றாக வைத்திருக்கும் மூவாயிரம் குறிப்புகளிலும் அங்குலத்தை ஒரே மூச்சில் மில்லிமீட்டராக மாற்றினேன். காவல்காரருக்கு மூச்சு முட்டிவிட்டது. 'ஒரே சமயத்தில் ஏராளமான மாற்றங்கள் வந்ததால் சில தவறிவிட்டன. எவை என்று தெரியாது' என்று செய்தி அனுப்பினார். அத்தை அதை இரண்டு தரம் படித்தார். "படிக்காம வந்த பிள்ளைங்க பரீட்சைல இப்படித்தான் எழுதுங்க. நான் மார்க் போட்டதே இல்லை" என்றார்.

ஆக, நான் உழைத்தால் தெரியவில்லை, உழைக்காவிட்டால் தெரிகிறது, அதிகமாக உழைத்தால் காவல்காரரே படுத்துவிடுகிறார். இதற்கு ஒரே வழி, எண்ணையும் தேதியையும் நம்பாமல், நேற்றைய எழுத்தையும் இன்றைய எழுத்தையும் உள்ளே போய் ஒப்பிடும் புரோகிராம்தான் என்கிறாள் மகள். அதை உடனே வைத்துத் தர வேண்டும். அந்த முதல் பத்து நாளையும் மறுவிசாரணை செய்யுங்கள். அதுவரை அறையைக் கேட்கக் கூடாது என்று அத்தைக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். உண்மை வெளிவந்தால் போதும், வேறொன்றும் கேட்கவில்லை.

நீங்கள் இருவரும் எல்லா வளமும் பெற்று, தனித்தனி அறைகளுள்ள வீட்டில் நீடூழி வாழ வாழ்த்தும்,

மாமனார்

பி.கு.: கடிதத்தை உறையில் போடுவதற்குள் அத்தை வாங்கிப் படித்துவிட்டார். "ரெண்டு பேப்பரை ஒப்பிடறதுக்கு மாப்பிள்ளை எதுக்கு? காப்பி அடிச்சதைக் கண்டுபிடிக்கிறதுதானே என் வேலையா இருந்துச்சு" என்று சொல்லி, மகளிடம் வழி கேட்டுக்கொண்டு, என் ஐந்தாம் அத்தியாயத்தின் பத்து நாள் பிரதிகளையும் குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்து ஒப்பிட்டார். பத்தும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. தினமும் படித்தேன், யோசித்தேன், புதுப் பிரதி எடுத்து வைத்தேன், திருத்துவதுதான் விட்டுப்போயிருக்கிறது. உங்கள் காவல்காரர் தவறான கோப்பைப் பார்த்துக்கொண்டு சரியான பதிலைச் சொல்லியிருக்கிறார். "ஆபீஸ்லயும் முப்பத்தோரு வருஷம் இதேதானா?" என்று அத்தை கேட்டார். அங்கே யாரும் ஒப்பிட்டுப் பார்த்ததில்லை என்று சொன்னேன். எனவே மேலே கேட்ட புதுப் புரோகிராம் வேண்டாம். தேதியை மட்டும் பார்ப்பவரே இருக்கட்டும். பதில் எழுதுவதற்கு அவசரமில்லை. வாசல் பக்கத்து அறையில் அத்தை கரும்பலகை மாட்டிக்கொண்டிருக்கிறார், ஸ்டூலைப் பிடிக்க என்னைக் கூப்பிடுகிறார்.