பதுளையில் ஒரு ஜப்பான் ரயில்

"வாயை மூடுங்க புவனேந்திரன், இது ஜப்பான் ரயில்!" என்று பல்லைக் கடித்தார் ரொஷானி மிஸ்.

ரயில் என்று அவர் சொன்னது, பதுளை பஜாரில் ஒரு மாடியறையில் நடந்த ஜப்பானிய மொழி வகுப்பில் வரிசையாகப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை. ஜப்பானில் முதியோர் இல்லம் நடத்தும் மொரிதா அம்மா வேலைக்கு ஆள் எடுக்க வந்திருந்தார். புவனேந்திரனோ மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் லயத்து வீடுகள் முழுக்க ஜப்பான் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். வேலை கிடைக்காமல் திரும்பினால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

"ரயில்ல பேசக்கூடாது. அடுத்தவங்க சாமான்ல கை படவே கூடாது. வெளங்குச்சா?"

"வெளங்குச்சுங்க மிஸ்!"

"அதையும் கத்தாதீங்க."

அந்த நேரம் பார்த்து மொரிதா அம்மா கனத்த பையோடு 'ரயிலில்' ஏறி, அவன் முன்னால் நின்று, பையை அவன் பக்கம் நீட்டினார்.

ஊர் பஸ்ஸாக இருந்தால் கேட்காமலே வாங்கி மடியில் வைத்திருப்பான். நிற்பவர் பையை உட்கார்ந்திருப்பவன் வாங்காவிட்டால், அவனும் ஒரு மனுஷனா என்பார்கள். கை துறுதுறுத்தது. இதுதான் பரீட்சை என்று நினைத்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டான்.

பை இன்னும் கிட்டே வந்தது. கண்ணை மூடித் தூங்குவதுபோல நடித்தான். பை மடியிலேயே வந்து உட்கார்ந்தது. பாம்பு விழுந்தாற்போல் துள்ளி எழுந்தான். பை கவிழ்ந்து, மூக்குக்கண்ணாடியும் மருந்துப் போத்தலும் நாலா பக்கமும் உருண்டன.

பொறுக்கக் குனிந்தவனுக்கு 'கை படவே கூடாது' ஞாபகம் வந்தது. குனிந்தபடியே நின்றான். அந்த வயதான அம்மா மண்டியிட்டுத் தானே பொறுக்கினார்.

"நான் ஒண்ணையும் தொடலங்க மிஸ்!"

வகுப்பே சிரித்தது. புவனேந்திரனுக்கு வெட்கத்தில் காது சுட்டது. பெரிய மனுஷியை மண்டியிட வைத்துவிட்டு மரம்போல நிற்கிறோமே என்று கூசிப்போனான்.

மொரிதா அம்மா மிஸ்ஸிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார்.

"என்னங்க மிஸ் சொல்றாங்க?"

"ரயில்ல அசல் ஜப்பான்காரர் மாதிரியே இருக்கீங்களாம்."

போன உயிர் திரும்பி வந்தது. "அப்போ என்னைய எடுத்துட்டாங்களா மிஸ்?"

ரொஷானி மிஸ் அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இல்லைங்க. அப்படிப்பட்டவங்க அங்கேயே நெறைய இருக்காங்களாம். நேத்து மடுல்சீமை பஸ்ல யாரோ ஒருத்தங்க, கேக்காமலே இவங்க பையை வாங்கி மடியில வச்சிக்கிட்டாங்களாம். அந்த மாதிரி ஆளைத் தேடித்தான் இங்க வந்தாங்களாம்."