கைப்புடி டாக்டரும் அஞ்சலையின் மோதிர விரலும்

செங்கல்பட்டு ஜில்லாவில் கை இருக்கிற எவரையும் கைப்புடி டாக்டர் சும்மா விட்டதில்லை. சொந்தப் பெயர் ஒன்று இருந்தது, யாருக்கு ஞாபகம்? கையில் வருகிற கட்டிகள்தான் அவருக்கு உயிர். அதுவும் லேசில் வராத, ஆளைக் கொல்லாத கட்டிகள்.

தொண்ணூறுகளில் புதுப்பட்டினத்தில் என் பக்கத்து வீட்டுக்காரர். வணக்கம் சொன்னால் போதும், கையைப் பிடித்து விரல் விரலாக அமுக்குவார். ஒரு ரிசப்ஷன் மேடையில் மாப்பிள்ளை கையைக் குலுக்கப் போனவர், வாழ்த்தை மறந்து மணிக்கட்டில் டார்ச் அடித்தார். "நீர்க்கட்டிதான், பயப்படாதீங்க" என்று மைக் பக்கத்தில் நின்று சொல்லித் தொலைத்தார். பெண் வீட்டார் முகத்தைப் பார்க்கணுமே!

மார்க்கெட்டில் மீன் விற்கும் அஞ்சலைக்கு மோதிர விரல் நுனியில் வலி. ஐஸ் பட்டால் துடித்துப்போவாள். ஐஸில் கை வைக்காமல் மீன் விற்க முடியுமா? வீக்கமும் இல்லை, எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியவில்லை. 'நடிக்கிறா' என்றான் புருஷன். 'எல்லாம் மனசுதான்' என்றார் வேறொரு டாக்டர். அவள் கடையை நாத்தனாருக்குக் கொடுத்துவிடுவதென்று வீட்டில் முடிவே செய்துவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கைப்புடி டாக்டரும் அவளிடம் வஞ்சிரம் வாங்கப் போனோம். அஞ்சலை இடது கையாலேயே மீனை எடுப்பதை நம்மாள் பார்த்துவிட்டார். லபக்கென்று வலது கையைப் பிடித்தார்.

"இன்னா சார் இது, கைய வுடு" என்றாள். புருஷன் மீன் வெட்டுகிற கத்தியோடு எழுந்துவிட்டான். நான் மெதுவாக ஒரு மீன்கூடைக்குப் பின்னால் ஒதுங்குகிறேன். இவர் பாட்டுக்குச் சட்டைப் பையிலிருந்து குண்டூசியை எடுத்து, அதன் கொண்டையால் நகத்தின் மேல் அங்கங்கே அழுத்துகிறார்.

"இங்க வலிக்குதா?"

"இல்ல."

"இங்க?"

அஞ்சலை போட்ட கூச்சலில் காக்கா அத்தனையும் பறந்தது. டாக்டருக்கு லாட்டரி விழுந்த சந்தோஷம்.

"நகத்துக்கு அடியில கடுகாட்டம் ஒரு கட்டி இருக்கும்மா. ஐஸ் பட்டா உயிர் போகும். நெஜ வலி. எடுத்துட்டா சரியாயிடும்."

அஞ்சலை புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டுக்கினியா? நெஜ வலியாம்." அவன் கத்தியைக் கீழே வைத்தான்.

டாக்டரே ஆபரேஷன் செய்தார். அந்தக் கட்டியைக் குப்பியில் போட்டு வீடு வீடாகக் காட்டினார். நான் காபியைப் பாதியில் வைத்துவிட்டேன்.

விரல் ஆறியதும் மார்க்கெட்டுக்கு வந்து நின்றார். அஞ்சலை ஐஸ் பெட்டிக்குள் கையை முழுசாக விட்டாள். எடுக்கவே இல்லை.

"வலிக்குதாம்மா?"

"இல்ல சார். குளுருது. சும்மா குளுருது, அவ்ளோதான்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். டாக்டர் மீன்கூடைகளுக்கு நடுவில் நின்று தேம்பித் தேம்பி அழுதார். அந்தக் கிறுக்கு மனுஷனை அன்றைக்கு எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று.