வளைகாப்பில் ஒரு பல் டாக்டர்

என்னிடம் ரகசியத்தை ஒப்படைப்பதும் ஒலிபெருக்கிக்காரரிடம் ஒப்படைப்பதும் ஒன்றுதான்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். தஞ்சாவூரில் ஓர் ஆய்வில் வேலை கிடைத்தது. நாடு முழுக்கக் குழந்தைப்பேறு சிகிச்சை எடுத்தவர்களின் விவரங்களைப் பல மருத்துவமனைகள் ஒன்றாகச் சேர்த்து, யாருக்கு எது பலித்தது என்று பார்க்கும் கூட்டு ஆய்வு. பாதியில் வருவதை நிறுத்தியவர்களைத் தேடிப்போய், கரு தங்கியதா என்று விசாரிப்பது என் பங்கு. (வீட்டாருக்குத் தெரியாமல் விசாரிக்க வேண்டும். பயிற்சியில் இதை எழுந்து நின்று ஒப்பித்தவனே நான்தான்.)

திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துச் செல்வி போனை எடுக்கவில்லை. கணவர் துபாயில். நேரில் போனேன். வாசலில் பந்தல். உள்ளே மணையில், மருத்துவமனையில் பார்த்த அதே செல்வி. கன்னத்தில் சந்தனம், கை நிறையக் கண்ணாடி வளையல்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. "அக்கா! ட்ரீட்மென்ட் சக்சஸா!" என்று கத்தினேன்.

வளையல் சத்தம் நின்றது. (வளைகாப்பு அவருடைய நாத்தனாருக்கு. அது முடிந்ததும், பிள்ளைக்குக் காத்திருக்கும் பெண்ணை அதே மணையில் உட்காரவைத்து வளையல் போடுவார்கள். பந்தியைத் தவிர வளைகாப்பில் ஆம்பளைக்கு என்ன தெரியும்?) செல்விக்குக் கண் நிறைந்துவிட்டது.

"என்ன ட்ரீட்மென்டு தம்பி?" என்றார் மாமியார்.

"பல்லும்மா."

"பல்லுக்கா வீடு தேடி வந்தீங்க?"

"சொத்தைப்பல்லு. பெரிசு."

"பல்லு டாக்டரு வந்திருக்காருடி, எல்லாரும் வாயைத் தொறங்க!" என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது. மாமியார் சிரிக்கவில்லை. என்னைப் பந்தியில் உட்காரவைத்து, புளிச்சோறு போடும் சாக்கில் குனிந்தார்.

"எனக்கு எல்லாம் தெரியும் தம்பி. எனக்குத் தெரியும்னு அதுக்குத்தான் தெரியாது. சங்கடப்படும்னு கேக்கறதில்ல. போன தடவ நிக்கலன்னு அழுது தலகாணியே நனைஞ்சுபோச்சு. தை பொறந்ததும் எம்புள்ள லீவுல வரான். பல்லு டாக்டர்ட்ட ஒரு தேதி வாங்கித் தருவீங்களா?"

வாங்கித் தந்தேன். விஷயம் அலுவலகத்துக்குத் தெரிந்து, அதன்பிறகு என்னை வெளியே அனுப்பவில்லை. கணினி முன்னால் உட்காரவைத்துவிட்டார்கள். ஒருநாள் செல்வியின் எண்ணுக்கு நேரே 'பெண் குழந்தை' என்று நானே தட்டினேன். அன்றைக்கு யாரிடமும் கத்தவில்லை.

கல்யாணமானபின் இந்தக் கதையை வீட்டில் சொல்லித் தொலைத்தேன். இப்போது அதே ஆய்வில் நானும் என் மனைவியும் ஓர் எண். எங்களுக்கு நேரே இடம் இன்னும் காலி. அம்மா போன் செய்தால் நேராகக் கேட்கமாட்டார். "பல்லு முளைச்சுதாடா?" என்பார்.

மனைவி போனைப் பிடுங்கி, "ஈறு ஊறுது அத்தே!" என்று சிரிப்பாள். வைத்தபிறகு, யாரோ ஒருத்தியின் வளைகாப்பில் அவளுக்கும் போட்ட வளையல்களைக் கழற்றாமல், ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள்.