பொத்தானின் முப்பத்திநாலு மில்லி

கெடிலத்துக்கும் வெள்ளாற்றுக்கும் நடுவில், மணி பார்க்கிற உத்தேசமே இல்லாமல் வாட்ச் கட்டிய ஒரே மனிதன் பொத்தான்தான். மணி தெரிய வேண்டுமென்றால் பக்கத்து மேஜையில் கேட்பான். வாட்ச்சைப் பார்ப்பது வேறு காரியம். அதற்குச் சட்டைக் கையை மடித்து, மணிக்கட்டைக் கொஞ்சம் சாய்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பெருமூச்சு விடுவான்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு பம்ப்செட் கம்பெனியின் கிளை ஆபீஸில் இருவரும் வேலை பார்த்தோம். 2005, 2006 வாக்கில். அவனுக்கு முறையாக ஞானஸ்நானம் கொடுத்து வைத்த நல்ல பெயர் ஒன்று உண்டு. சம்பளம் போடுகிறவரைத் தவிர யாருக்கும் அது நினைவில் இல்லை. ஆள் பனைமர உயரம், மணிக்கட்டு முருங்கைக்காய். அந்த முருங்கைக்காய்க்குச் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வாட்ச் தேடி அலைந்ததால் பொத்தான்.

அது தோசைக்கல் சைஸ் வாட்ச்சுகள் ஊரை ஆண்ட காலம். துபாயிலிருந்து வந்தவர்கள் கையைத் தூக்கவே சிரமப்பட்டார்கள். பொத்தான் மட்டும் காலத்தில் பின்னால் போய்க்கொண்டிருந்தான்.

"அந்தக் காலத்துல ஆம்பளைங்க எல்லாரும் சின்ன வாட்ச்சுதான் மச்சான் கட்டுனாங்க. பட்டை மாட்டுற முனை ரெண்டும் கையத் தாண்டி வெளிய நீட்டக் கூடாது. நீட்டுச்சின்னா நீ வாட்ச்ச கட்டல, வாட்ச்சு உன்னக் கட்டியிருக்குன்னு அர்த்தம்."

தன் கைக்கு எந்த அளவு சரி என்று கண்டுபிடிக்க அவன் செய்த காரியத்தை வேறு யாரும் செய்திருக்க முடியாது. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வட்டம் வட்டமாக வெட்டினான். ஒவ்வொரு வட்டத்தையும் நூலால் கையில் கட்டிக்கொண்டு ஆபீஸுக்கு வந்தான். ஒரு வட்டத்துக்கு ஒரு நாள். புவனகிரியிலிருந்து மோட்டார் வாங்க வந்த விவசாயி ஒருவர், "மணி என்ன தம்பி?" என்று கேட்டார். பொத்தான் அட்டையை உற்றுப் பார்த்துவிட்டு, "இது ட்ரையலுங்க" என்றான். அவர் வேறு கடையில் மோட்டார் வாங்கிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

முடிவைக் கேன்டீனில் வைத்து எனக்கு அறிவித்தான். "எனக்கு முப்பத்திநாலு மில்லிதான் மச்சான் ஒத்துக்குது. முப்பத்தாறு போனா ஜாஸ்தி. முப்பத்தொண்ணுல திருப்தி இல்ல."

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த வாட்ச்மேன் தலையை ஆட்டினார். "நல்ல கன்ட்ரோலு சார். எங்க மாமனுக்கு முந்நூத்தி அறுபது பத்தல."

அந்த நேரம் பார்த்து மேனேஜருக்கு அவர் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து ஒரு வாட்ச் கொண்டுவந்து கொடுத்தார். தங்க நிறம், மூன்று சின்ன முள், திசைகாட்டி வேறு. எல்லோரும் "சூப்பர் சார்" என்றோம். பொத்தான் நிஜமான அக்கறையோடு கேட்டான்: "சார், இது செவுத்துல மாட்டுறதா? ஆணி இருக்கா?"

மறுநாளே அவனைத் திட்டக்குடிப் பக்கம் விற்பனைக்குத் தள்ளிவிட்டார் மேனேஜர். சித்திரை வெயில். ஆள் வதங்கித் திரும்புவான் என்று எதிர்பார்த்தோம். அவனோ மாப்பிள்ளை மாதிரி வந்து இறங்கினான். திட்டக்குடி பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு கடிகாரக் கடை, அங்கே கண்ணாடி ஜாடிக்குள் கேட்பாரற்றுக் கிடந்த வாட்ச்சுகள், அவற்றின் நடுவே அவனுடைய முப்பத்திநாலு. வெளிர் மஞ்சள் முகம், ஊசி மாதிரி முள். தினமும் காலையில் சாவி கொடுக்க வேண்டும். கொடுத்தாலும் மதியத்துக்குள் பின்தங்கிவிடும். கட்டினால், உண்மையைச் சொல்லியாக வேண்டும், அந்தக் கைக்கென்றே செய்தது போலிருந்தது.

இந்தக் கட்டத்தில்தான் சிதம்பரத்தில் ஜெசிந்தாவைப் பெண் பார்க்கப் போனோம். பொத்தானின் அம்மாவுக்குக் காய்ச்சல் என்பதால், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவன் சித்தப்பாவும் நானும் துணைக்குப் போனோம். ஏற்கெனவே நான்கைந்து இடம் தட்டிப்போயிருந்தது. ஜெசிந்தா ஸ்கூல் டீச்சர். பஜ்ஜித் தட்டை நீட்டும்போது, "காரம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கும்" என்று அவனிடம் மட்டும் சொன்னாள். பொத்தான் அங்கேயே விழுந்துவிட்டான்.

அப்பா இல்லாத வீடு. தாய்மாமாதான் எல்லாம். அவர் கையில் சாசர் அளவு வாட்ச்.

"என்ன தம்பி, லேடீஸ் வாட்ச்சு கட்டியிருக்கீங்க? யாரு குடுத்தது?"

கடையில் வாங்கினது என்று சுருக்கமாக முடித்திருக்கலாம். ஆனால் வாட்ச்சைப் பற்றி யாராவது கேட்டால் பொத்தானுக்குக் கண் கலங்கும்.

"யாரும் குடுக்கல மாமா. ரெண்டு வருஷம் அலைஞ்சேன். பாத்த ஒடனே இதான்னு தெரிஞ்சிடுச்சி. அதுக்கப்புறம் வேற எதையும் நான் திரும்பிப் பாக்கல."

மாமாவின் முகம் மாறியது. "எந்த ஊருல?"

"திட்டக்குடில மாமா."

"வீட்டுக்குத் தெரியுமா?"

"அம்மாவுக்குத் தெரியும். உனக்குப் பொருத்தமா இருக்குன்னு சொன்னாங்க."

ஜெசிந்தாவின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் எழுந்து, "வாட்ச்சச் சொல்றான் சார், வாட்ச்சச் சொல்றான்!" என்று கத்தினேன். சித்தப்பா அந்தக் கலவரத்திலும் பஜ்ஜியை விடவில்லை. "சொல்லி அனுப்புறோம்" என்றார் மாமா.

திரும்பும் பஸ் பரங்கிப்பேட்டை விலக்கைத் தாண்டியது. "அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு மச்சான்" என்றான் பொத்தான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பத்து நாளாகியும் மாமாவிடமிருந்து ஆள் வரவில்லை. சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு நாமே போய்ப் பேசலாம் என்று கிளம்பியபோது அவனைப் பார்த்து அதிர்ந்தேன். கையில் மேனேஜரின் சிங்கப்பூர் வாட்ச். போய்க் கெஞ்சிக் கேட்டு வாங்கியிருக்கிறான். மேனேஜரும், கடைசியில் ஒருவனுக்காவது ரசனை வந்ததே என்று மகிழ்ந்து கொடுத்திருக்கிறார்.

"இன்னாடா இது?"

"சும்மா இரு மச்சான். அவுங்களுக்கு பெருசுதான் புடிக்கும்னா பெருசே கட்டிட்டுப் போறேன்."

கொள்கைக்காக வெயிலில் வெந்தவன் அதை ஒரு பெண்ணுக்காகக் கழற்றி வைத்தது எனக்குக் கொஞ்சம் வலித்தது.

மாமா வாட்ச்சைப் பார்த்ததும் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தார். "ம், இதான் ஆம்பளைக்கு அழகு." பொத்தான் அடக்கமாகக் காபியை வாங்கித் தூக்கினான். வாட்ச் மணிக்கட்டிலிருந்து புறப்பட்டு, கிணற்று வாளி மாதிரி முழங்கை வரை போய் நின்றது. இறக்கினான், திரும்பி வந்தது. இன்னொரு வாய் குடித்தான், மறுபடி போனது. அறையில் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கதவோரம் நின்ற ஜெசிந்தாவால் அடக்க முடியவில்லை. சிரித்துவிட்டாள். "அந்தப் பழைய வாட்ச்சு எங்கங்க?"

பொத்தான் சட்டைப் பையிலிருந்து எடுத்தான். "காலைல சாவி குடுக்கணும். தனியா வுட்டுட்டு வர மனசு வரல."

கைக்குட்டையில் சுற்றியிருந்தான். அவள் வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். காதில் வைத்துக் கேட்டாள். பிறகு தன் கையில் கட்டினாள். கச்சிதமாகப் பொருந்தியது.

மாமா துள்ளி எழுந்தார். "பாத்தியா! நான் சொன்னனா இல்லியா? இது லேடீஸ் வாட்ச்சேதான்!"

பொத்தான் கண்ணை மூடிக்கொண்டான்.

ஜெசிந்தா நிதானமாக நிமிர்ந்தாள். "சரி மாமா. லேடீஸ் வாட்ச்சாவே இருக்கட்டும். இனிமே இது என்னுது. திட்டக்குடிலேர்ந்து எவளாவது கேட்டுட்டு வந்தா என்கிட்ட அனுப்புங்க, நான் பேசிக்கிறேன்."

மாமா திரும்பவும் சோபாவில் உட்கார்ந்தார். "கோயில்ல எப்ப கல்யாண ஓலை வாசிக்கச் சொல்றது?" என்று சித்தப்பாவிடம் கேட்டார்.

தெருவுக்கு வந்ததும், "வாட்ச்சு போச்சேடா" என்றேன்.

"போவட்டும் மச்சான். அவுங்க கைல எவ்ளோ கரெக்டா இருந்துச்சி, பாத்தியா? ரெண்டு முனையும் உள்ளாரவே நின்னுச்சி."

கல்யாணத்துக்குப் பிறகு ஆறேழு வருஷம் அவன் வெறுங்கையோடுதான் அலைந்தான். அதே மாதிரி இன்னொன்று தேடிக்கொண்டிருப்பதாகச் சொல்வான். எந்தக் கடையிலும் அவன் நிஜமாகத் தேடி நான் பார்க்கவில்லை. 2012இல் அவளுக்குத் திருச்சியில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு கிளம்பினான். வழியனுப்பச் சிதம்பரம் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். ரயில் வரவில்லை. நிமிஷத்துக்கொரு தரம் என்னிடம் மணி கேட்டான். பிளாட்பாரத்தில் எல்லோரும் ரயிலைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

நான் மட்டும், இன்னும் கொஞ்சம் லேட்டாகட்டும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.